இல்லாத பள்ளங்கள்

இருபது வருஷமாக எங்கள் தெரு முழுக்க ஆம்லெட்டாகத் தின்று தீர்த்ததற்குக் காரணம் பசி இல்லை, ரோடு. சிரிக்காதீர்கள், நிஜம். எதிர்வீட்டுக் கோழியக்காவின் கோழிகள் போடுகிற முட்டை எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற நகரத்துக்குப் போயாக வேண்டும். அந்த எழுபதைத் தாண்ட வேனுக்கு ஆறு மணி நேரம். போய்ச் சேருவதற்குள் நூற்றுக்கு எட்டு முட்டை போய்விடும். வழிந்தது வழிந்துபோக, கீறல் விட்டதையெல்லாம் நகரத்து வியாபாரி ஒதுக்கித் திருப்பி அனுப்புவார். அதை அக்கா வீடு வீடாகக் கொடுத்தனுப்புவாள். "அப்பா, நாளைக்கும் டிபன் பாக்ஸ்ல ஆம்லெட் வச்சா நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்" என்று என் மகள் அழுதிருக்கிறாள்.

நான் தையல்காரன். தெருமுனையில் கடை. வாய் கொஞ்சம் நீளம் என்று என் மனைவி சொல்வாள். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வந்த வாய் அது, சும்மா வந்ததில்லை.

வேனை ஓட்டுவது அக்காவின் வீட்டுக்காரர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு அவர் 'ஊர்வலம்'. அப்படி ஒரு வேகம். பின்னால் வருகிற சைக்கிள்காரன் பெல் அடித்து முந்திப்போவான். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன், அக்கா புருஷன் மாமாதானே.

ஆனால் அந்த ரோட்டில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்கள் ஓட்டினால் நூற்றுக்குப் பதினைந்து முட்டை உடையும், மாமா ஓட்டினால் எட்டு. ஒவ்வொரு பள்ளமும் அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். மாப்பிள்ளை கார் அச்சு முறிந்து, மாப்பிள்ளை மாலையோடு நடந்து போன இடம் கல்யாணப் பள்ளம். ஹெட்மாஸ்டர் பரீட்சைப் பேப்பர் கட்டோடு ஸ்கூட்டரில் இருந்து விழுந்தது வாத்தியார் பள்ளம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவுக்குள்ளேயே ஒரு பிள்ளை பிறந்துவிட்ட இடம் பிரசவப் பள்ளம். அந்தப் பிள்ளை இப்போது காலேஜில் படிக்கிறது, பள்ளம் மட்டும் அப்படியே கிடந்தது. இடது பக்கம் ஒடி, வலது பக்கம் ஏறு, நடுவில் நிறுத்தி மூச்சு விடு என்று மாமாவின் கைக்கு அத்தனையும் மனப்பாடம்.

அப்புறம் ஒருநாள் அளவுக் கம்பியும் முக்காலியும் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். நாலு வழிச் சாலை என்றார்கள். இரண்டு வருஷம் எங்கு பார்த்தாலும் ஜல்லி, தார்ப் புகை, மாற்றுப்பாதை. என் கடையில் வெள்ளைத் துணியை வெளியே தொங்கவிட முடியாது. பத்து நிமிஷத்தில் காக்கி ஆகிவிடும். நான் திட்டாத திட்டு இல்லை. முட்டை வண்டி நகரத்துக்குப் போவதே நின்றுபோனது. மாற்றுப்பாதை வயல் வரப்பு மாதிரி, முட்டை என்ன, இரும்புக் குண்டு ஏற்றினாலும் நசுங்கியிருக்கும்.

அங்கேதான் உள்ளூர் முட்டை வியாபாரிக்கு யோகம் அடித்தது. வேறு வழியே இல்லாத அக்காவிடம் அவர் சொன்னதுதான் விலை, எடுத்ததுதான் சரக்கு. கடைசியில் ஒருநாள் பல்லைக் குத்திக்கொண்டே வந்து, "ஒரு கொட்டகை முட்டைதான் எடுத்துக்க முடியும். ரெண்டாவது கொட்டகையை நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ரெண்டாம் கொட்டகை அக்கா தன் உடம்பால் கட்டியது. சிமெண்ட் குழைத்தது அவள், தகரம் ஏற்றியது அவள், குஞ்சு பொரிக்கிற கம்பெனிக்கு நாலு தடவை நடையாய் நடந்தது அவள். அதற்குள் ஆயிரத்து எழுநூறு கோழி. முட்டை போடுகிற கோழி, நோய் நொடி இல்லாத கோழி. முட்டை வாங்க ஆள் இல்லையென்றால் அதுக்குத் தீவனம் எங்கிருந்து போடுவது? கறிக்கடைக்காரருக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை லாரியோடு வருவதாக அவர் பதில் சொன்னார். அன்றைக்கு முழுக்க அக்கா கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள். அந்தச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை ரோட்டைத் திறந்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஒரு கார் வந்து எதிர்வீட்டு வாசலில் நின்றது. காரின் மேல் பொட்டுத் தூசி இல்லை. எங்கள் ஊருக்குள் தூசி இல்லாமல் ஒரு கார் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இறங்கியவர் கேக் கம்பெனி மேனேஜர் அம்மா. நகரத்துக்குக் கொஞ்சம் முன்னால், புது ரோட்டை ஒட்டியே பெரிய தொழிற்சாலை கட்டியிருக்கிறார்களாம். ரோடு வருகிறது என்று தெரிந்துதான் அங்கே இடமே வாங்கினார்களாம். கொட்டகை இரண்டையும் சுற்றிப் பார்த்தார், ஒரு முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், விஷயத்துக்கு வந்தார்.

"தினமும் மூவாயிரம் முட்டை வேணும். காலையில எட்டு மணிக்கு எங்க கேட்டுக்குள்ள வண்டி நிக்கணும். மாவு கலக்கற மெஷின் யாருக்காகவும் காத்திருக்காது. நூத்துக்கு ரெண்டுக்கு மேல உடைசல் இருந்தா எடுக்க மாட்டோம்."

"ரெண்டா?" என்றார் மாமா. அவர் எட்டுக்கே மாலை மரியாதை வாங்கியவர்.

"மூவாயிரத்துக்கு அறுபது. புதன்கிழமை முதல் லோடு கொண்டு வாங்க. சரியா வந்தா ரெண்டு கொட்டகை முட்டையும் எங்களுக்கே. சரிவரலைன்னா மன்னிச்சுக்குங்க, வியாழக்கிழமைக்கு இன்னொரு பண்ணைக்காரங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

கார் போனதும் அக்கா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். புதன் நல்லபடியாக முடிந்தால் வெள்ளிக்கிழமை லாரி வர வேண்டியதில்லை. முடியாவிட்டால் ஆயிரத்து எழுநூறும் கறிக்கடைக்கு. இதுக்கு விளக்கம் வேறு வேண்டுமா?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் அங்கே போனபோது அடுப்படியில் பெரிய சண்டை. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கத்திக்கொண்டிருந்தாள். நான் வந்த காரியம் சின்னது. நகரத்தில் நூலும் பட்டனும் வாங்க வேண்டும், வேனில் ஒரு இடம் கேட்கலாம் என்று வந்தேன்.

"ரெண்டு மணிக்குக் கிளம்பணும்" என்றார் மாமா.

"ரெண்டு மணிக்குக் கிளம்பி மூணே காலுக்கு அங்க போய் என்ன பண்றது? வாட்ச்மேனுக்குக் கால் பிடிச்சு விடறதா?"

"எழுபது கிலோமீட்டர்டீ!"

"எழுபதுதான். அந்த அம்மா ஒரு மணி நேரத்துல வந்தேன்னு சொல்லிச்சு. உங்க காதுல விழலையா? ஆறரைக்குக் கிளம்பினா போதும்."

"கார் வேற, முட்டை வண்டி வேற."

"அதுக்குத்தான் நேத்தே சொன்னேன், ஒரு தடவை காலி வண்டியில போய் ரோட்டைப் பாத்துட்டு வாங்கன்னு. கேட்டீங்களா?"

"எனக்கா? இருபது வருஷமா ஓட்டின ரோட்டை நான் போய்ப் பாக்கணுமா? டெய்லர், நீயே கேளு இந்தக் கொடுமையை."

"பாத்துட்டு வந்தா என்ன மாமா, ரோடு என்ன காசா கேக்குது?" என்றேன்.

"நீ வாயை மூடு."

"பேசாம நானே ஓட்டறேன்" என்றாள் அக்கா. மாமா சிரித்த சிரிப்பில் மேலே பாத்திர அலமாரி அதிர்ந்தது. அவளிடம் லைசென்ஸ் இருந்தது, நாலு வருஷமாக. தீவன மில்லுக்கும் கொட்டகைக்கும் நடுவில் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டுவாள். அதுக்கு மேல் மாமா ஸ்டியரிங்கைக் கொடுத்ததில்லை. அந்த ரோட்டுக்கு லைசென்ஸ் போதாது, அனுபவம் வேண்டும் என்பார். பழைய ரோடு இருந்தவரைக்கும் அதில் நியாயம் இருந்தது.

கடைசியில் ஆறு மணி என்று முடிவானது. எனக்கும் இடம் கிடைத்தது, பின்னால் முட்டையோடு. "சும்மா வரக்கூடாது, அட்டை சாயாம பிடிச்சுக்கணும்" என்றாள் அக்கா.

புதன்கிழமை விடிய நாங்கள் மூன்று பேரும் அட்டை ஏற்றினோம். ஒரு அட்டைக்கு முப்பது, நூறு அட்டை. கூரான பக்கம் கீழே, அகன்ற பக்கம் மேலே. அக்கா ஒவ்வொரு அட்டையையும் ஏற்றுமுன் விரலால் தடவிப் பார்த்தாள், ஜுரம் வந்த பிள்ளையின் நெற்றியைத் தொடுவது மாதிரி. வேனுக்குள்ளே தரையில் பழைய மெத்தை ரெண்டு, அதுக்கு மேல் கிழிந்த டியூப், அதுக்கு மேல் பலகை. எல்லாம் பழைய ரோட்டுக்காக மாமா செய்துவைத்த ஏற்பாடு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஜன்னல். அதன் கீழே எனக்கு ஒரு முழம் இடம் விட்டார்கள். ஏறி உட்கார்ந்தேன்.

ஊர் எல்லை தாண்டி வண்டி புது ரோட்டில் ஏறியது. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஐயோ, என்ன ரோடு அது! இஸ்திரி போட்ட துணி மாதிரி, ஒரு சுருக்கம் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு, நடுவே வெள்ளைக் கோடு. இரண்டு வருஷமாகத் திட்டிய வாயை நான் அந்த இடத்திலேயே மூடிக்கொண்டேன்.

ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். திடீரென்று வண்டி இடது பக்கம் ஒடிந்தது. அட்டை அடுக்கு மொத்தமும் என் மேல் சாய்ந்தது. பிடிப்பதற்குள் வலது பக்கம் ஒடிந்தது.

"என்னங்க ஆச்சு?" அக்கா கத்தினாள்.

"கல்யாணப் பள்ளம்" என்றார் மாமா நிதானமாக.

"எங்க இருக்கு பள்ளம்?"

மாமா ரோட்டைப் பார்த்தார். பள்ளம் இல்லை. பழைய ரோடு போன அதே தடத்தில்தான் புது ரோட்டையும் போட்டிருந்தார்கள். அதே செங்கல் சூளை, அதே தண்ணித் தொட்டி, அதே வளைவு. பள்ளம் மட்டும் இல்லை.

"சரி, சரி. பழக்கதோஷம்" என்றார்.

ரெண்டு நிமிஷம் நேராகப் போனது. தண்ணித் தொட்டி வந்தது. வண்டி மறுபடி நெளிந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு உரசுகிற மாதிரித் தாண்டிப்போனது. ஒரு அட்டை சரிந்து என் மடியில் விழுந்தது. சில்லென்று என்னவோ பேண்ட்டுக்குள் இறங்கியது. என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

"நேரா ஓட்டுங்களேன்! என் உயிரை வாங்கறதுக்குன்னே…"

"சத்தியமா நான் திருப்பலம்மா, கை திருப்புது!"

அவர் சொன்னது பொய் இல்லை. ஜன்னல் வழியாக அவர் கையைப் பார்த்தேன். தண்ணித் தொட்டியைக் கண் பார்த்ததும் கை தானாக ஸ்டியரிங்கை ஒடிக்கிறது. இருபது வருஷம் அந்தக் கைதான் எங்கள் ஊர் முட்டையைக் காப்பாற்றியது. இன்றைக்கு அதே கை உடைக்கிறது. முப்பதுக்கு மேல் வேகமும் போகவில்லை. வாத்தியார் பள்ளத்துக்கு ஒடித்தார். இரட்டைப் பள்ளத்துக்கு ரெண்டு தடவை ஒடித்தார். பிரசவப் பள்ளத்தில் பிரேக் போட்டு வண்டியை நடு ரோட்டில் நிறுத்தியே விட்டார்.

"பின்னாடி எப்படி இருக்கு தம்பி?" என்று அக்கா ஜன்னலில் குனிந்து கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா, எல்லாம் நல்லாருக்கு" என்றேன், மஞ்சள் கருவில் உட்கார்ந்துகொண்டு. அந்த முகத்தைப் பார்த்து உண்மை சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை.

அப்போதுதான் சைரன் கேட்டது. ரோந்து ஜீப் எங்களைத் தாண்டிவந்து முன்னால் நின்றது. மணி ஏழு பத்து.

போலீஸ்காரர் இறங்கி வந்தார். வெளியூர்க்காரர், இந்த ரோட்டுக்காகவே மாற்றல் வாங்கி வந்தவர் போல. "இறங்குங்க. காலங்காத்தால எவ்வளவு ஏத்தினீங்க?"

"மூவாயிரம் சார்" என்றார் மாமா.

"என்னது?"

"முட்டை சார்."

"கிண்டலா? ஊதுங்க."

மாமா மெஷினில் ஊதினார். சைபர். போலீஸ்காரர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் சைபர். மெஷின் கெட்டுப்போச்சோ என்று அவரே ஒருதரம் ஊதிப் பார்த்துக்கொண்டார்.

"பின்ன ஏன்யா பாம்பு மாதிரி நெளிஞ்சீங்க? ரெண்டு லாரிக்காரங்க போன் பண்ணிட்டாங்க."

"பள்ளம் சார்."

"இந்த ரோட்டுலயா? எங்க?"

"இருந்துச்சு சார்."

"இருந்துச்சா?"

"இப்ப இல்ல சார். ஆனா அங்கதான் இருந்துச்சு." மாமா திரும்பிக் கையை நீட்டிக் காட்டினார். "அதோ அந்த போஸ்ட் பக்கத்துல முழங்கால் ஆழம். அதைத் தாண்டி இடது பக்கமா ஒண்ணு."

போலீஸ்காரர் அந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் வேனுக்குப் பின்னாலிருந்து இறங்கி, இடுப்புக்குக் கீழே முட்டை வழிய நின்றேன். "அவர் சொல்றது நிஜம் சார். எனக்கே தெரியும், அங்க இருந்துச்சு" என்றேன். மனிதர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பாவம், அவர் எத்தனையோ காரணம் கேட்டிருப்பார், இதைக் கேட்டிருக்க மாட்டார்.

என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் செத்துப்போனது. "நல்லாருக்குன்னு சொன்னியேடா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"இதோ பாருங்க, கேஸ் போடல" என்றார் போலீஸ்காரர். "ஆனா இப்ப லோடோட இவர் ஓட்டக்கூடாது. இது எண்பதுல போற ரோடு. இல்லாத பள்ளத்துக்கு ஒடிச்சா இருக்கிற ஆளு செத்துப்போவான். வேற டிரைவர் வரச் சொல்லுங்க, அதுவரைக்கும் வண்டி ஓரமா நிக்கட்டும்."

வேற டிரைவர் ஊரிலிருந்து வர வேண்டுமென்றால் எட்டு மணி தாண்டிவிடும். மாமா ரோட்டோரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டார். "நான்தாண்டி உன் கொட்டகையைக் கவுத்துட்டேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது. அந்த மனிதர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அக்கா தோளில் மாட்டியிருந்த பைக்குள் கையை விட்டாள். பிளாஸ்டிக் கவரில் சுற்றின லைசென்ஸை எடுத்து போலீஸ்காரரிடம் நீட்டினாள். "நான் ஓட்டறேன் சார்."

"அதைப் பையிலயேவா வச்சிருக்கே?" என்றார் மாமா.

"நாலு வருஷமா வச்சிருக்கேன். நீங்க எப்பக் கேட்டீங்க?"

போலீஸ்காரர் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெரிய ரோட்டுல ஓட்டியிருக்கீங்களாம்மா?"

"இல்ல சார். அதனாலதான் எனக்கு ஒரு பள்ளமும் தெரியாது."

அவர் சிரித்துவிட்டார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்து, "போங்க. கோட்டுக்குள்ளயே போங்க" என்றார். மணி ஏழு இருபத்தி நாலு. கம்பெனிக்கு மீதி முப்பத்தி எட்டு கிலோமீட்டர்.

அக்கா சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், கியர் போட்டாள். வண்டி கிளம்பியது. முதலில் ஐம்பது, அப்புறம் அறுபது, அப்புறம் எழுபத்தி அஞ்சு. எங்கள் வேனுக்கு எழுபத்தி அஞ்சு போகத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் அதுக்கே தெரிந்திருக்கும். நான் அட்டைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் சாயவில்லை. கையை மெதுவாக எடுத்தேன். அப்பவும் சாயவில்லை.

மாமா பக்கத்துச் சீட்டில் படாத பாடு பட்டார். மில் புகைக்கூண்டு வந்தால் உடம்பு இடது பக்கம் சாயும், பாலம் வந்தால் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

"கண்ணை மூடிக்குங்க" என்றாள் அக்கா, ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல்.

மூடிக்கொண்டார். அப்புறம் கண்ணைத் திறக்காமலே, "ஏய், இன்ஜின்ல ஏதோ டிக்டிக்குனு கேக்குது" என்றார்.

"ஐயோ, நின்னுடுமா?"

"நிக்காது. வால்வு கொஞ்சம் லூஸ், எப்பவோ வந்ததா இருக்கும். அட்டை குலுங்கற சத்தத்துல இத்தனை வருஷம் எனக்குக் கேக்கவே இல்ல." கண்ணைத் திறந்தார். வெளியே பார்த்தார். "அம்மாடி, வண்டி போற மாதிரியே தெரியலையே! வீட்டுல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு." சின்னப் பிள்ளை மாதிரி கண்ணாடிப் பக்கம் ஒட்டிக்கொண்டு பார்த்தார். நானும் பார்த்தேன். முள்காடாகக் கிடந்த இடத்தில் பெட்ரோல் பங்க், குளிர்பதனக் கிடங்கு, வரிசையாக லாரி. எங்கள் ஊர்ப் பக்கமிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு ரெண்டு வேன் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு பஸ் நிறைய வேலைக்குப் போகிற பெண்கள், தலை கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கேக் கம்பெனி கேட்டுக்குள் வண்டி நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஏழு ஐம்பத்தி ஒன்பது. அக்கா இன்ஜினை நிறுத்தி இறங்கி, முதல் வேலையாகப் பின்கதவைத் திறந்தாள்.

வெள்ளைக் கோட்டு போட்ட ரெண்டு பேர் அட்டையை இறக்கி, விளக்கு மேல் வைத்துப் பார்த்து, உடைசலைத் தனியாக எடுத்தார்கள். மேனேஜர் அம்மா பக்கத்தில் நின்று எண்ணினார். கதவுப் பக்கத்து அட்டைகள் சுத்தமாக இருந்தன. ஐம்பது அட்டைக்குப் பதினொன்றுதான். அக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. எனக்கு வரவில்லை. என் பக்கம் இருந்த அட்டைகள் இனிமேல்தானே வரப்போகின்றன.

எழுபதாவது அட்டையோடு மொத்த உடைசல் இருபத்தி ஆறு. எண்பத்தைந்தில் முப்பத்தி எட்டு. தொண்ணூற்றி ரெண்டில் நாற்பத்தி நாலு. மடியில் விழுந்த அட்டை வந்தது. அதிலேயே ஒன்பது. ஐம்பத்தி மூன்று. அக்கா என் கையைப் பிடித்தாள், எலும்பு நொறுங்குகிற பிடி. மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தொண்ணூற்றி ஐந்து, ஐம்பத்தி ஐந்து. தொண்ணூற்றி எட்டு, ஐம்பத்தி ஏழு. தொண்ணூற்றி ஒன்பதில் ஒன்றுமில்லை. நூறிலும் ஒன்றுமில்லை.

"ஐம்பத்தி ஏழு" என்றார் மேனேஜர் அம்மா. "அறுபதுக்குள்ள. சரக்கை எடுத்துக்கறோம்."

அக்கா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அம்மா, ஒண்ணு சொல்லணும். இந்த ஐம்பத்தி ஏழும் ரோடு உடைச்சது இல்ல, நாங்க உடைச்சது. இத்தனை வருஷம் எது உடைஞ்சாலும் ரோட்டு மேல பழியைப் போட்டோம். இனிமே போட முடியாது. நாளைக்குப் பத்துக்கு மேல உடைஞ்சா நீங்க வேற பண்ணையப் பாத்துக்குங்க."

மேனேஜர் அம்மா போனைக் கையில் எடுத்தார். "வேற பண்ணைக்காரங்களுக்கு வர வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார்.

மாமா திரும்பி வந்து அக்காவின் தலையில் கையை வைத்தார், அத்தனை பேருக்கு நடுவில். அவள் தட்டிவிடவில்லை.

நான் மட்டும் சும்மா விடுவேனா? "அம்மா, தப்பா நினைக்காதீங்க, உங்க ஆளுங்க கோட்டுல தோள் ரெண்டு விரக்கடை இறங்கிக் கிடக்கு. மாவுக்குள்ள கை விடறவங்களுக்கு இது ஆகாது" என்றேன். அவர் என் பேண்ட்டைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஒண்ணு தச்சு அனுப்புங்க, பாக்கலாம்" என்றார். ஒரு கோட்டை அளவுக்குக் கையோடு வாங்கிக்கொண்டேன். நூலும் பட்டனும் வாங்க மறந்தே போச்சு.

வெளியே வந்ததும் அக்கா போனை எடுத்துக் கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணே, வெள்ளிக்கிழமை லாரி வேண்டாம். இல்ல, விலைக்காக இல்ல. எவ்வளவு கொடுத்தாலும் இல்ல. வச்சிடறேன்." போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"நாளைக்கு யாரு ஓட்டறது?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"போகும்போது நான். வரும்போது நீங்க. காலி வண்டியில எவ்வளவு வேணா நெளிஞ்சுக்குங்க."

திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், எதிர்த்திசை. ரெண்டு இடத்தில் தோள் மட்டும் அசைந்தது, கை அசையவில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றபோது மணி ஒன்பதே முக்கால்.

உள்ளூர் முட்டை வியாபாரி தெருவில் வந்துகொண்டிருந்தார். வேனைப் பார்த்ததும் நடையில் ஒரு துள்ளல். பழைய கணக்குப்படி நாங்கள் அந்த நேரத்துக்கு நகரத்து எல்லையைக்கூடத் தொட்டிருக்க மாட்டோம்.

"என்னப்பா ஊர்வலம், பாதி வழியிலயே திரும்பிட்டியா? எனக்கு அப்பவே தெரியும், உனக்கெல்லாம் கம்பெனி சரிப்படாதுன்னு. பரவாயில்ல, இறக்கு. பாதி விலைக்கு நானே எடுத்துக்கறேன்."

மாமா வேனுக்குப் பின்னால் போய் ரெண்டு கதவையும் விரியத் திறந்தார். வியாபாரி குனிந்து உள்ளே பார்த்தார். காலி அட்டை, பழைய மெத்தை, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு மஞ்சள் கறை.

"முட்டை எங்க?" என்றார் வியாபாரி.

"போயிட்டு வந்தாச்சு" என்றார் மாமா.

வியாபாரி கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். நான் சிரித்த சிரிப்பில் தெருவில் ரெண்டு ஜன்னல் திறந்தது. அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. காலி அட்டைகளை இரு கையாலும் அள்ளிக்கொண்டு ரெண்டாம் கொட்டகைக்குள் போய்விட்டாள். நாளைக்கு எட்டு மணிக்கு மூவாயிரம் வேண்டும்.